பந்தியில் எழுந்த முறுமுறுப்பு: புனிதர் சரித்திரங்களும் சேவை என்னும் சொல்லாடலும்

1

என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அர்ச்சியசிஷ்டவர்கள் சரித்திரம் முழுக்கத் தெரியும். மாலை நேரத்தில் கோயில் முற்றத்தில் உபதேசியார் உரக்கப் படிப்பார். அதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். அர்ச். லவுரேஞ்சியார், அர்ச். செபஸ்தியார், அர்ச். அருளானந்தர் என்று வரிசையாகச் சொல்வாள். யாரை வாட்டினார்கள், யாரை அம்பெய்து கொன்றார்கள், யார் தலையை வெட்டினார்கள் என்பதில் ஒரு பிசகும் இருக்காது. ஒருநாள் நான் சும்மா கேட்டேன், "இந்தக் கதையில எல்லாம் நம்மள மாதிரி ஆளு யாராச்சும் இருக்காங்களா அப்பத்தா?" அவள் யோசிக்கவே இல்லை. "ஏன் இல்ல? கஞ்சி வாங்குற வரிசையில நிக்கிறாகல்ல!"

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது தேம்பாவணியிலிருந்து சில பாடல்கள் பாடமாக இருந்தன. 1726இல் பெஸ்கி முடித்த, 3615 விருத்தங்கள் கொண்ட அந்தக் காப்பியத்தில் உவமை நயம், சந்த நயம், சொல் நயம் என்று எல்லா நயங்களையும் பிரித்துப் பிரித்துப் படித்தோம். வரிசையில் நிற்பவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அப்பத்தாவின் பதில் ஒரு விமர்சன நிலைப்பாடு என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

இந்தக் கட்டுரை அந்த வரிசையைப் பற்றியது. 'ஆதிக் கிறித்தவர்களின் வாழ்விலிருந்து விசுவாசமும் சேவையும் கற்றுக்கொள்வோம்' என்பது பிரசங்கங்களில் தேய்ந்துபோன தலைப்பு. அந்தத் தலைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆனால் பிரசங்கி நிற்கும் இடத்தில் நிற்காமல், வாசித்துப் பார்க்கலாம். 'ஆதி' என்பதற்கு நமக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று மத்தியதரைக் கடலோரத்து முதல் மூன்று நூற்றாண்டுகள். மற்றது, 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்ததிலிருந்து தொடங்குகிற நம்மூர் ஆதி. இரண்டையும் எதிரெதிரே வைத்தால் சில விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

தோழர்கள் சிலர் கேட்கலாம்: மதப் பிரதிகளை வாசித்து என்ன ஆகப்போகிறது? அவற்றின் அரசியலைத்தான் முன்பே தோலுரித்தாகிவிட்டதே? என் பதில் எளியது. 'சேவை' என்ற சொல் கோயிலைவிட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டது. தொண்டு நிறுவனம், கட்சி, இயக்கம், ஏன் சிறுபத்திரிகை வரைக்கும் அது நடமாடுகிறது. ஏழை என்ற சொல் போய் 'பயனாளி' என்ற சொல் வந்திருக்கிறது. வரிசை மட்டும் அப்படியே இருக்கிறது. எனவே இது நம் வீட்டு விவகாரமும்தான்.

2

கிறித்தவத்தில் சேவை என்பது ஒரு நிறுவனமாகப் பிறந்த கதை அப்போஸ்தலர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. வழக்கமாக இதைக் கருணையின் கதையாகச் சொல்வார்கள். நிதானமாகப் படித்தால் அது ஒரு புகாரின் கதை.

எருசலேமில் முதல் கிறித்தவர்கள் பொதுவில் சமைத்துப் பகிர்ந்து உண்கிறார்கள். அங்கே எபிரேயம், அரமேயம் பேசுகிற உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்து குடியேறிய, கிரேக்கம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தினசரிப் பங்கீட்டில் கிரேக்கம் பேசும் கைம்பெண்கள் விட்டுப்போகிறார்கள். அவர்கள் தரப்பு முறுமுறுக்கிறது. மொழியால் சிறுபான்மை, பால் அடிப்படையில் பெண்கள், கணவனில்லாதவர்கள் என்று மூன்று மடங்கு விளிம்பில் நிற்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரவில்லை. திருச்சபை தோன்றிச் சில ஆண்டுகளுக்குள்ளேயே, புனிதர்களின் பந்தியிலேயே பாரபட்சம்.

இப்போது நடந்ததைக் கவனிக்கவேண்டும். முறுமுறுத்தவர்களுக்கு உபதேசம் செய்யப்படவில்லை. பொறுமையாக இருங்கள் என்று சொல்லப்படவில்லை. பங்கீட்டை நடத்த ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, புரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். அதாவது, புகார் சொன்ன தரப்பின் கையிலேயே அகப்பை கொடுக்கப்பட்டது என்று விவிலிய ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சேவையின் முதல் பாடம் இதுதான் என்பேன். பந்தியில் விடுபட்டவர்கள் பரிமாறுகிற இடத்துக்கு வருவது.

அந்தப் பிரதியில் ஒரு விரிசலும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. பன்னிரு அப்போஸ்தலர்களும் தங்களுக்கு இறைவார்த்தைப் பணி, அந்த ஏழு பேருக்குப் பந்திப் பணி என்று பிரித்துக்கொள்கிறார்கள். வாய் ஒருவருக்கு, கை ஒருவருக்கு. கருத்தும் உழைப்பும் பிரிகிற இந்த இடத்தில் ஒரு வருணப் பிரிவினையின் வாடை நம் மூக்குக்கு அடிக்காமல் போகாது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே பிரதி தன்னைத்தானே மறுதலிக்கிறது. பரிமாற நியமிக்கப்பட்ட ஸ்தேவான் வாயைத் திறக்கிறார். நீளமாகப் பேசுகிறார். ஆலயத்தின் அதிகாரத்தையே கேள்வி கேட்கிறார். கல்லெறிந்து கொல்லப்படுகிறார். கிறித்தவத்தின் முதல் இரத்தசாட்சி கஞ்சி ஊற்ற நியமிக்கப்பட்டவர்! அவர் கொல்லப்பட்டது ஊற்றியதற்காக அல்ல, பேசியதற்காக. இந்த இடத்தை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

3

அடுத்து மூன்று பெண்கள். அல்லது நான்கு. கணக்கு ஏன் இழுக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

ஏறத்தாழ கி.பி. 112இல், கருங்கடல் ஓரத்துப் பித்தினியா–பொந்து மாகாணத்தின் ஆளுநர் பிளினி, பேரரசன் திராயானுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். கிறித்தவர்களை எப்படி விசாரிப்பது என்பதுதான் விஷயம். உண்மையை அறிய இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாக அதில் குறிப்பிடுகிறார். அவர்களைக் கிறித்தவர்கள் பணிவிடைக்காரிகள், அதாவது திருத்தொண்டர்கள், என்று அழைத்தார்களாம். உலக நோக்கில் அடிமைகள், சபை நோக்கில் பதவியில் இருப்பவர்கள். பேரரசின் ஆவணக்கிடங்கு இவர்களை நமக்குப் பாதுகாத்துத் தந்திருக்கிறது, பெயர்கள் இல்லாமல். இவர்கள் எந்த நாட்காட்டியிலும் இல்லை. இவர்களுக்குத் திருவிழா இல்லை, சப்பரம் இல்லை.

கி.பி. 203, மார்ச் 7. கார்த்தேஜ் நகரின் அரங்கம். பெர்பெத்துவா என்ற இருபத்திரண்டு வயது மேட்டுக்குடிப் பெண், கைக்குழந்தைக்காரி. பெலிசித்தா என்ற அடிமைப் பெண், நிறைமாதத்தை நெருங்கும் கர்ப்பிணி. பெர்பெத்துவா சிறையில் இருந்தபடி எழுதிய குறிப்புகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஆதிக் கிறித்தவப் பெண் ஒருத்தி தன் குரலிலேயே எழுதிய அபூர்வமான பிரதி அது. பால் கட்டிய மார்பின் வலியும், தகப்பனின் கெஞ்சலும், கனவுகளும் அதில் உண்டு. பெலிசித்தா எழுதவில்லை. அவள் சிறையில் ஒரு பெண் குழந்தையைப் பெற்றதும், பிரசவ வலியில் கத்தியபோது காவலன் கேலி செய்ததும், அவள் பதிலுக்குப் பதில் சொன்னதும் பிரதியைத் தொகுத்தவரின் வார்த்தைகளில்தான் வருகின்றன. எசமானி வர்க்கம் எழுதுகிறது. அடிமை எழுதப்படுகிறாள். சிறையிலும் இது மாறவில்லை.

ஆனாலும் அந்தப் பிரதியில் ஒரு கணம் இருக்கிறது. மூர்க்கமான பசு இருவரையும் தூக்கி வீசுகிறது. எழுந்த பெர்பெத்துவா, கீழே கிடக்கும் பெலிசித்தாவிடம் போய்க் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறாள். இருவரும் அருகருகே நிற்கிறார்கள். கார்த்தேஜ் தெருவில் இந்தக் காட்சி சாத்தியமில்லை. ஓர் எசமானி அடிமைக்குக் குனிந்து கை கொடுப்பது சமூக ஒழுங்கின்மை. தொடுகை இங்கே சேவை என்ற சொல்லைத் தாண்டி வேறொன்றாகிவிடுகிறது.

தொடுகை என்று சொல்லிவிட்டதால் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம். மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோமப் பேரரசைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போனது. நோயுற்றவர்களைத் தெருவில் போட்டுவிட்டு ஓடியவர்களின் நடுவே, கிறித்தவர்கள் தொட்டுத் தூக்கி, கழுவி, பணிவிடை செய்து தாங்களும் செத்தார்கள் என்று அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியு எழுதியிருக்கிறார். ஆயர் எழுதுவதால் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் நூறாண்டு கழித்து, கிறித்தவத்தை வெறுத்த பேரரசன் யூலியன், இவர்கள் நம்முடைய ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்களே என்று எரிச்சலோடு தன் பூசாரிக்குக் கடிதம் எழுதியது எதிரியின் வாக்குமூலம். இந்தச் சேவையின் உண்மையை மறுப்பது நேர்மையாகாது. அந்த விசுவாசத்துக்குச் சாவுக்குப் பயப்படாத ஒரு உடல் இருந்தது.

இந்தத் தொடும் உடல் மதுரைக்கு வந்தபோது என்ன ஆயிற்று?

4

மதுரை மிஷனின் கதையை எல்லா நூல்களும் நொபிலியிலிருந்து தொடங்கும். அவருக்கு முன்னால் இங்கே ஒருவர் இருந்தார். கொன்சாலோ பெர்னாண்டஸ், போர்ச்சுக்கீசியர், முன்னாள் படைவீரர். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்து போகிற பரதவக் கிறித்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்தும் உள்ளூரில் யாரையும் மதம் மாற்ற முடியவில்லை என்பதால் சரித்திரங்களில் அவருக்கு எப்போதும் கோமாளி வேடம்தான். நொபிலியின் நுட்பம் ஒளிவிட வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு மந்தபுத்திக்காரர் வேண்டுமல்லவா?

1577இல் பிறந்த ரோமப் பிரபு குலத்தவரான நொபிலி வந்ததும் நிலைமை புரிந்துவிடுகிறது. 'பறங்கி' என்றால் மாட்டுக்கறி தின்பவன், குடிப்பவன், தீண்டத்தகாதவன். எனவே அவர் பறங்கி அல்ல என்று அறிவித்துக்கொள்கிறார். காவி, குடுமி, சந்தனம், பூணூல், பிராமணச் சமையல்காரர், மரக்கறி உணவு. பெர்னாண்டஸின் கோயிலிலிருந்து விலகித் தனி இருப்பிடம், தனிக் கோயில். தத்துவ போதகர் என்ற பெயர். சிவதருமர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் கற்கிறார். தமிழ் உரைநடையில் ஞானோபதேசம் போன்ற பெரிய நூல்களை எழுதுகிறார். தமிழ் உரைநடை வரலாற்றில் அவருக்குள்ள இடத்தை யாரும் அசைக்க முடியாது. கோயில், பூசை, பிரசாதம் என்று தமிழ்க் கிறித்தவம் வெட்கமில்லாமல் உள்ளூர்ச் சொற்களில் பேச அவரே வழிவகுத்தார். பிறகு வந்த எத்தனையோ மேலை அறிவாளிகளைவிட அவர் இந்த மண்ணின் சிந்தனையை மதித்தார். இதையெல்லாம் ஒப்புக்கொண்டுதான் மேலே போகிறேன்.

கோவாவில் 1619இல் பெரும் விவாதம் நடந்தது. 1623 ஜனவரி 31இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் பூணூலையும் குடுமியையும் நிபந்தனைகளோடு அனுமதித்தார். நம் சமயவியலாளர்கள் இதைப் பண்பாட்டுமயமாதலின் முன்னோடி வெற்றி என்று கொண்டாடுகிறார்கள். எந்தப் பண்பாடு? யாருடைய பண்பாடு? பரதவர்களுக்கும் பறையர்களுக்கும் பண்பாடு இருந்ததில்லையா? 'தமிழ்ப் பண்பாடு' என்ற பெருங்கதையாடலுக்குள் நுழைவதற்குப் பிராமண வாசல் ஒன்றுதான் உண்டு என்று ஓர் ஐரோப்பியர் முடிவு செய்தார். நம் கல்வியாளர்கள் நானூறு ஆண்டுகளாக அந்த வாசலுக்குத் தோரணம் கட்டுகிறார்கள்.

சிக்கல் சீக்கிரமே வந்தது. பிராமண சந்நியாசியாக வாழ்பவர் சேரிக்குப் போக முடியாது. 1640இல் 'பண்டாரசாமி' என்ற இரண்டாவது வகைக் குருக்கள் உருவாக்கப்பட்டார்கள். பல்தசார் தா கோஸ்தா முதலாமவர். ஒரே சபை, ஒரே விசுவாசம், இரண்டு வகைச் சேவகர்கள். எருசலேமில் பந்தியில் பாரபட்சம் எழுந்தபோது பரிமாறும் கை மாற்றப்பட்டது. மதுரையில் பந்தியே இரண்டாக்கப்பட்டது.

இந்த ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அறிய ஓர் ஆவணம் போதும். 1703இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704 ஜூன் 23இல் ஓர் ஆணை பிறப்பித்தார். அதில் ஒரு விதி: நோயுற்றுக் கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் குருக்கள் போய் அவஸ்தைப் பூசுதல் முதலான தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்க வேண்டும். ஆணையில் எழுத வேண்டியிருந்தது என்றால் நடைமுறை என்னவென்று நாமே ஊகிக்கலாம். சாகக் கிடப்பவனை வீட்டைவிட்டு வெளியே தூக்கிக்கொண்டு வரவேண்டும். குருவானவர் குடிசைக்குள் குனிய மாட்டார். மாதவிலக்கான பெண்களைக் கோயிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கிவைத்ததையும் அதே ஆணை கண்டித்தது. தீட்டு என்ற ஒரே கயிறு இரண்டு உடல்களையும் கட்டியிருந்தது.

மிஷனரிகள் என்ன சொன்னார்கள்? இப்படிச் செய்தால் மேல்சாதியினர் விலகிவிடுவார்கள், மிஷனே அழிந்துவிடும் என்றார்கள். நாற்பது ஆண்டுகள் வழக்காடினார்கள். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் பாப்பரசர் சர்ச்சையை முடித்துவைத்தார். எப்படி? பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்களை நியமித்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு. சாகிறவனுக்குக் குரு வந்தார், அந்தச் சாதிக்கான குருவாக வந்தார். கொள்ளைநோய்ப் பிணத்தைத் தொட்டுத் தூக்கிய அதே மதம்! மரணத்துக்குப் பயப்படாத விசுவாசம் சாதிக்குப் பயந்தது. இதை மிஷனரிகளின் தனிப்பட்ட கோழைத்தனமாக நான் படிக்கவில்லை. அவர்களில் பலர் பட்டினியிலும் சிறையிலும் கிடந்தவர்கள். நொபிலியே 1640இல் மதுரையில் சிறைப்பட்டார். உடலைத் தரத் தயாராக இருந்தவர்களால் அந்தஸ்தைத் தர முடியவில்லை என்பதுதான் விஷயம்.

5

பண்டாரசாமிகளில் பெயர்பெற்றவர் ஜான் தெ பிரிட்டோ, நம் அருளானந்தர். லிஸ்பன் அரண்மனையில் வளர்ந்தவர். காவி உடுத்து, வெறுங்காலோடு செஞ்சியிலிருந்து மறவர் சீமை வரை நடந்தவர். 1686இல் பிடிபட்டு உபதேசியார்களோடு சேர்ந்து சித்திரவதைப்பட்டார். லிஸ்பன் போய்த் திரும்பி வந்து, 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். 1947இல் புனிதர் பட்டம். ஓரியூர்ச் செம்மண் அவர் ரத்தத்தால் சிவந்தது என்று சனங்கள் நம்புகிறார்கள். அப்பத்தா வீட்டில் ஒரு டப்பாவில் அந்த மண் இருந்தது. காய்ச்சல் என்றால் நெற்றியில் பூசுவாள். அவருடைய தியாகத்தின்மேல் எனக்குக் கேள்வி இல்லை. அதைச் சொல்லும் கதைமேல்தான்.

கதை இப்படிப் போகும். நோய் தீர்ந்த தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற விரும்புகிறார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார் அருளானந்தர். தேவர் மற்ற மனைவிகளை விலக்குகிறார். அவர்களில் ஒருத்தி கிழவன் சேதுபதியின் உறவுமுறைப் பெண். அவள் சேதுபதியிடம் போய் முறையிடுகிறாள். அருளானந்தர் கைதாகிறார். திருமுழுக்கு அருளப்பரும் ஏரோதியாளும் போல, என்று சரித்திரங்கள் ஒப்பிட்டு முடித்துக்கொள்ளும்.

ஒரு கணம் அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பாருங்கள். அவள் எந்தப் பாவமும் செய்யவில்லை. புருஷனுக்கு மனமாற்றம் வந்தது, இவளுக்கு வீடு போனது. விலக்கப்பட்ட மனைவிகள் எங்கே போவார்கள், யார் சோறு போடுவார்கள் என்ற கேள்வி சரித்திரத்தில் எங்கும் எழவில்லை. பந்தியில் விடுபட்ட எருசலேம் கைம்பெண்களின் முறுமுறுப்பு ஒரு பதவியையே உண்டாக்கியது. மறவர் சீமையில் புருஷன் இருந்தும் கைம்பெண் ஆக்கப்பட்டவளின் முறையீடு வில்லத்தனமாகப் பதிவானது. அருளானந்தரின் கொலையை இது நியாயப்படுத்தாது. கொன்றது அரசன், அவனுக்கு அவனுடைய அரசியல் கணக்குகள் இருந்தன. ஆனால் இரத்தசாட்சியின் பிரதி ஒரு பெண்ணின் புகாரை விழுங்கித்தான் ஒளிபெறுகிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் வாசகன் அல்ல, பக்தன்.

உபதேசியார்களையும் இங்கே நினைக்கவேண்டும். குருக்கள் சிலரே இருந்த அந்தப் பரந்த மிஷனில் ஊர் ஊராக நடந்து, செபம் சொல்லிக்கொடுத்து, சாகிறவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அடி உதை பட்டவர்கள் இவர்கள்தான். பெஸ்கி 1727இல் எழுதிய வேதியர் ஒழுக்கம் இவர்களுக்கான நூல். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இவர்களுக்குச் சொல்லப்பட்டது. இவர்கள் என்ன சொன்னார்கள் என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. பிளினியின் அந்த இரண்டு அடிமைப் பெண்களின் தம்பிகள்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் வந்தது. சீர்திருத்தச் சபையினர் சாதியை வேறுவிதமாகக் கையாண்டார்கள். 1847இல் மிஷன் ஊழியர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்டு காட்டவேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பலர் வேலையை விட்டார்கள், பந்தியில் உட்காரவில்லை. மீண்டும் பந்தி! கத்தோலிக்க மிஷன் விட்டுக்கொடுத்த இடத்தில் இவர்கள் உறுதி காட்டினார்கள் என்பது பெரிய விஷயம். ஆனால் அதிலும் சோதனை வைப்பவர் வெள்ளைக்காரர், சோதிக்கப்படுபவர் மேல்சாதி ஊழியர். யாரோடு உட்கார மறுத்தார்களோ அவர்கள் அந்த நாடகத்தில் தொட்டுப்பார்க்கும் உரைகல் மட்டுமே.

தேவசகாயம் கதை கொஞ்சம் வேறு. 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் சுடப்பட்டவர். சாதி வித்தியாசம் பாராமல் பழகியது அவருடைய குற்றங்களில் ஒன்று. 2022 மே 15இல் புனிதர் பட்டம் கொடுத்தபோது 'பிள்ளை' என்ற ஒட்டு அதிகாரபூர்வப் பெயரிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. பெயரிலிருந்து சாதியை எடுக்க இருநூற்றெழுபது ஆண்டுகள்! அதே வடக்கன்குளத்துக் கோயிலில்தான் சாதிவாரியாக மக்களைப் பிரித்த தடுப்பு இருந்தது. அதை இடித்ததற்கு எதிராக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீதிமன்றம் வரை போனார்கள். 2008இல் விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டபோது மோதல் வந்து, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. புனிதர் பட்டியலில் சாதி அழிகிறது. கல்லறையில் அழியவில்லை.

6

1992இல் மதுரையிலிருந்து ஒரு சிறிய புத்தகம் வந்தது. பாமாவின் 'கருக்கு'. அதைத் தலித் தன்வரலாறு என்று வகைப்படுத்தி நிறையப் பேசியாயிற்று. நான் அதை ஒரு புனிதர் சரித்திரமாக, சரியாகச் சொன்னால் தலைகீழாகப் புரட்டிப்போட்ட புனிதர் சரித்திரமாக, வாசிக்கச் சொல்கிறேன்.

எல்லா அம்சங்களும் அதில் உண்டு. பக்தியில் தோய்ந்த குழந்தைப் பருவம், அழைத்தல், துறவு, சோதனை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சேவை செய்யவேண்டும் என்று ஒரு தலித் பெண் கன்னியர் மடத்துக்குள் போகிறாள். அங்கே சேவை வசதியானவர்களின் பிள்ளைகளுக்கு நடக்கிறது. எளிமை, கீழ்ப்படிதல் என்ற சொற்கள் பெரிய கட்டிடங்களுக்குள் உலவுகின்றன. வழக்கமான சரித்திரத்தில் கதாநாயகி மடத்துக்குள் போவதோடு புனிதம் தொடங்கும். இங்கே மடத்தை விட்டு வெளியேறுவதுதான் விசுவாசச் செயல். வெறுங்கையோடு வெளியே வந்து, வேலை இல்லாமல், திசை தெரியாமல் நின்று எழுதுகிறாள். முதல்முறையாகப் பெலிசித்தா எழுதுகிறாள்.

எந்த மொழியில்? சனங்களின் பேச்சுமொழியில், தொடக்கம் முதல் முடிவு வரை. நொபிலியின் சமஸ்கிருதம் கலந்த உரைநடையிலும் இல்லை, பெஸ்கியின் விருத்தத்திலும் இல்லை. எருசலேமில் சண்டை மொழியை ஒட்டித்தான் வந்தது என்பதை நினைவில் வையுங்கள். ஆதிக்க மொழி தெரியாதவளுக்குச் சோறு விட்டுப்போகும். கருக்கில் அந்த விடுபட்ட மொழியே அகப்பையைக் கையில் எடுக்கிறது. சொந்த ஊர்க்காரர்களுக்கே அது கோபத்தை உண்டாக்கியது. புகார் எப்போதும் முதலில் வீட்டுக்குள்தான் சண்டை கிளப்பும்.

அதே ஆண்டுகளில், அதே நகரத்தில், அரசரடி இறையியல் கல்லூரியில் 'பரட்டை' தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். 2005இல் அவர் மறைந்தார். அவருடைய இறையியலின் மையம் 'ஒரு உலை'. கூட்டுக் குடும்பம் மாதிரி ஒரே உலையில் பொங்கி எல்லோரும் உண்பது. கர்நாடக இசையில் பாடிக்கொண்டிருந்த மேட்டிமைக் கிறித்தவத்துக்குள் அவர் பறையைக் கொண்டுவந்தார். நற்கருணையை உலைப்பானையாகப் படித்தார். பந்தியில் யார் யார் எங்கே உட்காருவது என்று கேட்டுக்கொண்டிருந்த நானூறு ஆண்டு விவாதத்தில், அடுப்பு யாருடையது என்று கேட்டவர் அவர். இந்த இரண்டையும், கருக்கையும் ஒரு உலையையும், தமிழில் ஆதிக் கிறித்தவம் உண்மையாகவே மறுபடி தொடங்கிய இடங்களாகப் பார்க்கிறேன்.

ஸ்தேவானுக்கு நம் காலத்தில் ஒரு வாரிசும் உண்டு. திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஸ்டான் சுவாமி. நொபிலியின் அதே இயேசு சபைக்காரர். ஜார்கண்டில் ஆதிவாசிகளுக்குப் பள்ளிக்கூடமும் மருந்தும் கொடுத்துக்கொண்டு மட்டும் இருந்திருந்தால் விருது கொடுத்திருப்பார்கள். அவர் விசாரணைக் கைதிகளாக அடைக்கப்பட்ட ஆதிவாசி இளைஞர்களுக்காக வழக்குப் போட்டார், நிலத்தைப் பற்றிப் பேசினார். 2020 அக்டோபரில் கைது. நடுக்குவாத நோயாளியான அந்த எண்பத்துமூன்று வயதுக் கிழவர் சிறையில் தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழல் கேட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5இல் காவலில் இருக்கும்போதே இறந்தார். பரிமாறும்வரை புனிதன், பேசினால் குற்றவாளி. ஸ்தேவான் காலத்திலிருந்து அரசுகளின் இலக்கணம் மாறவில்லை.

7

அப்படியானால் பாடம் என்ன? பாடம் சொல்லும் இடத்தில் நான் இல்லை. ஆனால் ஒரு வாசிப்பு முறையை முன்வைக்கலாம். எந்தச் சேவைக் கதையை எடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். சேவை பெற்றவருக்குக் கதையில் பெயர் இருக்கிறதா? அவர் முறுமுறுத்தபோது கதை அவரை என்ன செய்தது? கடைசியில் அகப்பை யார் கையில் இருக்கிறது?

இதே கேள்விகளை நம் பக்கமும் திருப்பவேண்டும். 1950 ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறித்தவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காமல் விட்டது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. அரசு சொல்கிறது: உங்கள் மதத்தில் சாதி இல்லையே. திருச்சபையோ 2016இல்தான் தனக்குள் தீண்டாமை இருப்பதை ஆயர் பேரவையின் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. முற்போக்காளர்களாகிய நாம் என்ன செய்தோம்? அது அவர்கள் மத விவகாரம் என்று ஒதுங்கிக்கொண்டோம். குடிசைக்குள் குனிய மறுத்த அந்தக் குருவானவரை நான் திட்டுகிறேன். வாசலில் நின்றுகொண்டு விளிம்புநிலை பற்றிக் கட்டுரை எழுதுகிற நான் எந்தக் குடிசைக்குள் குனிந்தேன்? எம்.ஏ. முடித்த எனக்கு அப்பத்தாவின் ஒரு வாக்கியம் புரிய இத்தனை ஆண்டுகள் ஆனதே.

அவள் இறந்தபோது அந்த ஊர்க் கல்லறையில் எங்கள் பக்கம் கிழக்கோரம், ஓடையை ஒட்டி. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும். நடுவில் வேலி ஒன்றும் கிடையாது. ஆனால் எல்லோருக்கும் எல்லை தெரியும். அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபின் பெரியம்மா மட்டும் நின்று சத்தமாகவே கேட்டாள், "ஏன் சாமி, மேட்டுல இடம் இல்லையா?" குருவானவர் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். மற்றவர்கள் அவளைக் கையைப் பிடித்து இழுத்தார்கள், சும்மா வா என்று.

அவள் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கஞ்சி வரிசையில் நிற்பவர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அவள் நின்ற அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.